பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புதிய கண்ணாடி

மோட்டார் சைக்கிளின் உறுப்புகளில் எஞ்சினுக்கு ஒரு மதிப்பு உண்டு. பிரேக்குக்கு ஒரு மதிப்பு உண்டு. டயர் தேய்ந்தால்கூட வண்டிக்கு உடையவர் கவலைப்படுகிறார். ஹாண்டில் பாரின் இரு பக்கமும் கிளைத்து நிற்கும் கண்ணாடிகளுக்கு மட்டும் அந்த மரியாதை கிடைப்பதில்லை. ஒன்று உடைந்தால் மற்றொன்று போதும் என்று விட்டுவிடுவோர் பலர். தலை வாரிக்கொள்வதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணுவோர் போல, அதைத் தம் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொள்வோரும் உளர். 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்புறம் காட்டும் கண்ணாடியை வண்டிக்கு இன்றியமையாத பாதுகாப்புச் சாதனங்களுள் ஒன்றாகவே கருதுகின்றன. ஆனால் சட்டத்துக்கு அஞ்சிப் பொருத்தும் கண்ணாடிக்கும், பயன் கருதிப் பொருத்தும் கண்ணாடிக்கும் வேற்றுமை மிகுதி.

புதிய வண்டி வாங்குவோருக்கு இதைப் பற்றி ஆராய வேண்டிய தேவை இல்லை; தயாரித்தவர்களே ஆராய்ந்து பொருத்தியிருப்பார்கள். பழைய வண்டியை வைத்திருப்பவரின் நிலை வேறு. 1955-ம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் கூடி நிறுவிய என்பீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்து அனுப்பிய புல்லட் வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் ஜாவா என்ற பெயரிலும் பின்னர் யெஸ்டி என்ற பெயரிலும் செய்த வண்டிகள் உள்ளன. எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத் உண்டு. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100 உண்டு. இவற்றோடு பிறந்த கண்ணாடிகள் எப்போதோ உடைந்தும், துருவேறியும், ரசம் போயும் மறைந்துவிட்டன. தில்லியில் கரோல் பாக், கொல்கத்தாவில் மல்லிக் பஜார், பெங்களூரில் ஜே.சி. சாலை, சென்னையில் புதுப்பேட்டை என்று உதிரிப் பாகம் விற்கும் இடங்களுக்குச் சென்றால், கடைக்காரர் வண்டியின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு ஒரு ஜோடிக் கண்ணாடியை எடுத்து வைப்பார். வட்டமும் குரோம் முலாமும் பழையதைப் போலவே இருக்கும். வாங்குபவரும் மகிழ்ச்சியோடு வாங்கி வருவார். அவர் பாராமல் விட்டது ஒன்றுண்டு: கண்ணாடியின் வளைவு.

இந்த வளைவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் உயிருக்கு உறுதியோ ஆபத்தோ விளைவது இதனால்தான்.

மோட்டார் சைக்கிள் கண்ணாடி பெரும்பாலும் சமதளக் கண்ணாடி அன்று. நடுப்பகுதி நம்மை நோக்கி மெல்லப் புடைத்த குவி ஆடி. ஒரு பெரிய கோளத்தின் மேற்பரப்பிலிருந்து வெட்டி எடுத்த துண்டு என்று அதை எண்ணிக்கொள்ளலாம். அந்தக் கோளத்தின் ஆரமே ஆடியின் வளைவாரம். கோளம் பெரிதானால் ஆடி ஏறக்குறைய சமமாக இருக்கும். சிறிதானால் புடைப்பு மிகும். ஐக்கிய நாடுகளின் 81-ம் எண் விதி, இரு சக்கர வண்டிகளின் கண்ணாடிக்கு வளைவாரம் 1,000 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 1,500 மில்லிமீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது.

புடைப்பு எதற்கு? பரந்த காட்சிக்கு. 100 மில்லிமீட்டர் அகலமுள்ள சமதளக் கண்ணாடி ஒன்று கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 20 மீட்டர் பின்னால் சாலையில் அது காட்டும் அகலம் ஏறக்குறைய 3 மீட்டர்தான். ஒரு லாரி நின்றால் காட்சி நிறைந்துவிடும். அதே அளவுள்ள கண்ணாடி 1,200 மில்லிமீட்டர் வளைவாரம் உடையதாயின், 6 மீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தைக் காட்டும். பின்னால் வரும் லாரியோடு, அதன் பக்கத்தில் ஒதுங்கி வரும் ஆட்டோ ரிக்ஷாவும் கண்ணில் படும்.

இந்த வசதிக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. பரந்த காட்சியைச் சிறிய பரப்பில் அடக்குவதால், காட்சியிலுள்ள ஒவ்வொரு பொருளும் சிறுத்துத் தோன்றும். சிறுத்துத் தோன்றுவதைத் தொலைவில் இருப்பதாகக் கொள்வது மனித மனத்தின் இயல்பு. மேற்சொன்ன 1,200 மில்லிமீட்டர் ஆடியில், 20 மீட்டர் பின்னால் வரும் லாரி, சமதளக் கண்ணாடியில் 44 மீட்டர் தொலைவில் வரும் லாரியின் அளவாகவே தெரியும். புடைப்பு மிகுந்து வளைவாரம் 600 மில்லிமீட்டராக இருந்தாலோ, அதே லாரி 65 மீட்டருக்கும் அப்பால் வருவதுபோல் தோன்றும்.

இதைக் காலக் கணக்கில் பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். நாம் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சாலையின் இடது ஓரத்தில் செல்கிறோம். முன்னால் ஒரு மாட்டு வண்டி. அதைத் தாண்டுவதற்கு வலப்புறம் ஒதுங்க வேண்டும். பின்னால் லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள 20 மீட்டரை அது இரண்டரை விநாடிக்குள் கடந்துவிடும். 1,200 மில்லிமீட்டர் ஆடியில் உருவின் அளவை மட்டும் கொண்டு மதிப்பிடுபவர், தமக்கு ஐந்து விநாடிக்கு மேல் அவகாசம் இருப்பதாக நினைப்பார். 600 மில்லிமீட்டர் ஆடியைப் பார்ப்பவரோ எட்டு விநாடி என்று நம்புவார். எட்டு விநாடி என்பது மாட்டு வண்டியைத் தாண்டித் திரும்பவும் இடப்புறம் சேர்வதற்குத் தாராளமான நேரம். இரண்டரை விநாடியில் அது நடவாது.

அப்படியானால் குவி ஆடியோடு வண்டி ஓட்டும் அனைவரும் ஏன் தவறுவதில்லை என்ற கேள்வி எழலாம். பழக்கமே காரணம். ஒரே கண்ணாடியைப் பல மாதம் பார்த்து வரும் கண், இத்தனை சிறிதாகத் தெரியும் லாரி இத்தனை அருகில் இருக்கும் என்று தானாகவே கற்றுக்கொள்கிறது. அந்தக் கல்வி ஒரு குறிப்பிட்ட வளைவுக்கு உரியது. வளைவு மாறினால் கற்றது அத்தனையும் பொய்யாகிவிடுகிறது. பொய்யானது பார்ப்பவருக்குத் தெரிவதும் இல்லை. முப்பது ஆண்டு அநுபவம் உள்ளவர், புதுக் கண்ணாடி பொருத்திய முதல் வாரத்தில் புதிதாக ஓட்டுபவரைவிட அதிக அபாயத்தில் இருக்கிறார் என்றே சொல்வேன். புதியவருக்குத் தம் கண்மேல் அவ்வளவு நம்பிக்கை இராது.

இதே காரணத்தால், ஒரு பக்கத்துக் கண்ணாடியை மட்டும் மாற்றுவது நல்லதன்று. ஊர்களில் கண்ணாடி அறுத்துக் கொடுக்கும் கடைகளில், பழைய குரோம் கிண்ணத்தின் அளவுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியை வட்டமாக வெட்டி ஒட்டித் தருவதுண்டு. சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் அது சமதளமாக இருக்கும். மறுபக்கத்தில் இருப்பது குவி ஆடியாக இருக்கும். இடப்புறக் கண்ணாடியில் ஒரு தூரமும் வலப்புறக் கண்ணாடியில் வேறொரு தூரமுமாகக் காட்டும் வண்டியை ஓட்டுபவர், ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் கணக்குப் போட வேண்டியவராகிறார். நெருக்கடியில் கணக்குக்கு நேரம் ஏது? ஜோடியாக மாற்றுவதே முறை.

வளைவைக் கடையிலேயே சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. நேரான எஃகு ஸ்கேல் ஒன்றின் விளிம்பைக் கண்ணாடியின் நடுவில் படும்படி குறுக்கே வையுங்கள். இரு பக்கமும் சாயாமல் சமமாகப் பிடித்துக்கொண்டால், நடுவில் தொட்டும் ஓரங்களில் விலகியும் நிற்கும். நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி அந்த இடைவெளி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வளைவாரம் 1,200 மில்லிமீட்டர் ஆயின் அது 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 600 ஆயின் 2 மில்லிமீட்டர். சமதளமாயின் இடைவெளியே இராது. அளவுகோலைத் தேட வேண்டாம். சட்டைப்பையில் இருக்கும் வங்கி அட்டையின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். அந்த இடத்தில் ஓர் அட்டை நுழைய வேண்டும். இரண்டு அட்டைகள் சேர்ந்து நுழையக் கூடாது. எழுத்துகள் புடைத்திராத அட்டையாகப் பார்த்து எடுத்துக்கொள்க. கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டம் உயரமாக இருந்தால், அதற்குள் அடங்கும் குட்டையான ஸ்கேலை உபயோகிக்கலாம்.

வளைவு சரியாக இருந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். எதிரே உள்ள கதவு நிலையையோ குழல் விளக்கையோ கண்ணாடியில் பார்த்தபடி அதை மெல்ல ஆட்டினால், கோடு ஒரே ஒழுங்காக வளைந்து நகர வேண்டும். நடுவில் நெளிந்தாலோ, ஓரிடத்தில் பாம்பு போல் துடித்தாலோ அந்தக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய சரக்கு என்று பெருமையாக எடுத்துத் தரப்படும் கண்ணாடிகளில் விளிம்பைப் பார்ப்பது அவசியம். பின்புற ரசப் பூச்சுக்குள் ஈரம் புகுந்த இடத்தில் கறுப்பு படர்ந்திருக்கும்; அது நாளடைவில் உள்ளே பரவுமே அன்றி நிற்காது.

அளவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முன்பு சொன்ன விதிப்படி வட்டக் கண்ணாடியின் குறுக்களவு 94 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எந்த வடிவமாயினும் பரப்பு 69 சதுர சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். அழகுக்காக விற்கப்படும் 3 அங்குல வட்டக் கண்ணாடியின் பரப்பு 46 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. சிறிய கண்ணாடியில் அகலமான காட்சியைக் காட்டுவதற்காகப் புடைப்பை அதிகமாக்குவதும் உண்டு என்பதால், இரண்டு குறைகளும் ஒன்றாகவே வந்து சேரும்.

இனி, கண்ணாடியின் தண்டு வண்டியோடு சேரும் இடம். இங்கே நேரும் தவறு உயிருக்குக் கேடு செய்யாது. ஆனால் பணத்துக்குக் கேடு செய்யும். கிளச் லீவரையும் பிரேக் லீவரையும் தாங்கும் வார்ப்பிலேயே கண்ணாடித் தண்டுக்கு மரையிட்ட துளை இருப்பது பொது வழக்கம். அந்த வார்ப்பு மென்மையான அலுமினியம். எஃகுத் தண்டைப் பொருந்தாத மரையோடு ஸ்பானர் போட்டு முறுக்கினால், தண்டு வென்றுவிடும், வார்ப்பு பாழாகும். பழைய வண்டிக்கு அந்த வார்ப்பைத் தேடி அலைவதைவிடக் கண்ணாடியே இல்லாமல் போகலாமே என்று தோன்றிவிடும்.

வழக்கில் உள்ள தண்டுகள் 8 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என இரண்டு. 10 மில்லிமீட்டர்த் தண்டில் மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். இரும்புக் கடையில் கிடைக்கும் சாதாரண 10 மில்லிமீட்டர் போல்ட்டின் இடைவெளியோ 1.5 மில்லிமீட்டர். முதல் இரண்டு சுற்று வரை அதுவும் நல்ல பிள்ளையாகவே உள்ளே போகும். ஆகவே எண்ணிப் பார்க்க வேண்டும்: பத்து மரைகளின் நீளம் 12.5 மில்லிமீட்டரானால் சரி. 15 ஆனால் அது வேறு. பிரிட்டிஷ் வரைபடங்களின்படி பிறந்த பழைய வண்டிகளில் அங்குலக் கணக்கு மரைகள் இருப்பதும் உண்டு. ஓர் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு என்பது 7.94 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டரோடு குழப்பிக்கொள்வதற்கு அதைவிடத் தோதான அளவு இல்லை. இத்தகைய வண்டிக்குப் பழைய தண்டையோ, அது போயிருந்தால் துளையில் சரியாகப் பொருந்தும் வேறொரு திருகையோ கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவதே மேல்.

யமஹா வண்டிகள் பலவற்றில் மற்றொரு விசித்திரம் உண்டு. வலப்புறக் கண்ணாடிக்கு மட்டும் மரை இடஞ்சுழியாக இருக்கும். எதிரே வரும் எதுவும் கண்ணாடியில் மோதினால் தண்டு இறுகி முறியாமல் தளர்ந்து சுழன்றுகொடுக்கும் என்பதே அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். தெரியாதவர் கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டே போவார். தண்டைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். மரைக் கோடுகள் வலப்பக்கம் உயர்ந்து சென்றால் வழக்கமானது, இடப்பக்கம் உயர்ந்தால் இடஞ்சுழி. இடஞ்சுழித் துளையில் வழக்கமான தண்டைப் பொருத்துவதற்கும், 8 மில்லிமீட்டர்த் துளையில் 10 மில்லிமீட்டர்த் தண்டைப் பொருத்துவதற்கும் இடையில் வைக்கும் சிறு இணைப்புகள் விற்கின்றன. அவற்றை உபயோகிப்பதில் பிழையில்லை. துளையையே பெரிதாக்கி வேறு மரை இடலாம் என்று பட்டறையில் சொன்னால் மட்டும் இணங்க வேண்டாம். அந்த வார்ப்பில் அவ்வளவு சதை கிடையாது.

துளையே இல்லாத வண்டிகளுக்கு ஹாண்டில் பாரைக் கவ்வும் கிளாம்ப் உண்டு. குழாயின் வெளிக் குறுக்களவு பெரும்பாலும் 22 மில்லிமீட்டர். கிளாம்புக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு பட்டை வெட்டிச் சுற்றினால் குரோமும் கீறாது, கண்ணாடியும் வழுக்கிச் சுழலாது.

பழைய ஒற்றை சிலிண்டர் வண்டிக்காரர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுண்டு: ஓடும்போது கண்ணாடியில் ஒன்றும் தெரிவதில்லை, எல்லாம் கலங்குகிறது என்பது. எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுழன்றால் விநாடிக்கு 50 முறை வண்டியை உலுக்குகிறது. கண்ணாடித் தண்டு ஒரு வில் போன்றது. அதற்கென்று ஓர் இயல்பான அதிர்வு வேகம் உண்டு. எஞ்சினின் உலுக்கலும் தண்டின் இயல்பும் ஒன்றாகிவிட்டால், ஊஞ்சலைத் தக்க சமயத்தில் தள்ளுவது போல ஆட்டம் பெருகுகிறது. கண்ணாடி அரை டிகிரி சாய்ந்தாலும் அதில் தெரியும் காட்சி ஒரு டிகிரி நகரும். 20 மீட்டர் தொலைவில் அது 35 சென்டிமீட்டர். விநாடிக்கு 50 முறை இவ்வாறு தாவினால் லாரியின் எண் பலகை எப்படித் தெரியும்?

இதற்குக் கண்ணாடியைக் குறை சொல்வதில் பயன் இல்லை. பார்க்க வேண்டியது தண்டு. தண்டு நீளமானாலும், தலை கனமானாலும் இயல்பு அதிர்வு குறையும். நீளம் இருமடங்கானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகவே குறைந்துவிடும். ஆதலால் தீர்வும் இரண்டு வகை. தடித்த, குட்டையான தண்டைப் போட்டு அதிர்வை எஞ்சினின் வேகத்துக்கு மேலே ஏற்றிவிடலாம். அல்லது கண்ணாடிக் கிண்ணத்துக்குள் சிறிது எடை சேர்த்துக் கீழே இறக்கிவிடலாம். எந்த வேகத்தில் அதிகம் செல்கிறோமோ அந்த வேகத்தில் தெளிவாக இருந்தால் போதும். எல்லா வேகத்திலும் கலங்காத கண்ணாடியைப் பழைய புல்லட்டில் எதிர்பார்ப்பது பேராசை. மெல்லிய குழாய்த் தண்டு இலேசாகவும் பளபளப்பாகவும் இருக்கும். அதை வாங்கியவர்களே கலங்கலைப் பற்றி அதிகம் முறையிடுகிறார்கள்.

ஆனால் குட்டையாக்குவதற்கும் எல்லை உண்டு. வண்டியின் நடுக்கோட்டிலிருந்து கண்ணாடியின் மையம் குறைந்தது 280 மில்லிமீட்டர் வெளியே இருக்க வேண்டும் என்று விதி கூறுகிறது. அதற்கும் உள்ளே வந்தால், ஓட்டுபவர் தம் முழங்கையையும் சட்டைக் கையையும் தவிர வேறொன்றும் காண மாட்டார். மழைக்கோட்டு அணிந்த நாளில் இன்னும் சில அங்குலம் மறையும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஹாண்டில் பாரின் நுனியில் செருகும் கண்ணாடிகளுக்கு இந்தக் குறை இல்லை. அவை ரேஸ் வண்டியின் தோற்றம் தருவதால் இளைஞர்களுக்குப் பிரியமானவை. ஆனால் அவை வண்டியின் அகலத்தைக் கூட்டுகின்றன. நம் கடைத்தெரு நெரிசலில் அடுத்தவர் கண்ணாடியோடும் கைப்பையோடும் முட்டிக்கொள்கின்றன. வலப்புறத்தில் ஆக்ஸிலேட்டர் பிடி தங்குதடையின்றித் திரும்பி, விட்டவுடன் தானே பழைய நிலைக்கு வருகிறதா என்று பார்க்காமல் அவற்றைப் பொருத்திக்கொண்டு ஒரு கஜம்கூடச் செல்லக் கூடாது.

பொருத்தும்போது தண்டைக் கையாலேயே திருகி இறக்குங்கள். தண்டின் குறுக்களவுக்குக் குறையாத ஆழம் அது உள்ளே சென்றிருக்க வேண்டும். அடி தட்டிய பின்னும் வலிந்து திருகலாகாது. திசையைச் சரி செய்து பிடித்துக்கொண்டு, லாக் நட்டை மட்டும் ஸ்பானரால் இறுக்குவதே முறை. பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஓட்டும்போது உட்காருவது போலவே உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்ப வேண்டும். உட்புற ஓரத்தில் தோளின் விளிம்பு மட்டும் தெரிந்தால் போதும்; மற்ற இடமெல்லாம் சாலைக்கு உரியது.

அதன் பின் செய்ய வேண்டிய ஒன்றைப் பெரும்பாலோர் செய்வதில்லை. ஆள் நடமாட்டமில்லாத தெருவில் வண்டியை நிறுத்தி, 20 மீட்டர் அளந்து, அங்கே நண்பர் ஒருவரைச் சைக்கிளோடு நிற்கச் சொல்லுங்கள். முதலில் கண்ணாடியில் பாருங்கள். உடனே கழுத்தைத் திருப்பி நேரில் பாருங்கள். இரு பக்கத்துக்கும் நாலைந்து முறை இவ்வாறு பார்த்தால், புதிய கண்ணாடி தூரத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடத் தொடங்கும். சாலையிலும் முதல் ஒரு மாதம், ஒதுங்குமுன் கண்ணாடியோடு நில்லாமல் தலையையும் திருப்பிப் பார்ப்பது அவசியம். தோளுக்குச் சற்றுப் பின்னே எந்தக் கண்ணாடியிலும் விழாத இடம் ஒன்று இருப்பதால், அந்த மாதம் கழிந்த பின்னும் இந்த வழக்கத்தை விடாதிருப்பது நல்லது.

ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் உலுக்கலில் புதிய லாக் நட் சற்றுத் தளர்வது இயல்பு. நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பானரை எடுத்து இரு பக்கமும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். வலப்புறம் இடஞ்சுழி மரையானால், இறுக்கும் திசை மாறும் என்பதை மறக்க வேண்டாம்.